நெஞ்சுக்குள்ளே ஒரு துடைப்பம்

இயற்கை விவசாயம் செய்கிற நம்மிடையே ஒரு நம்பிக்கை இருக்கிறது. "நாமதான் மருந்தே அடிக்கிறதில்லையே, நம்ம நெஞ்சுக்கு என்ன வந்துடப் போகுது?" என்பார்கள். எங்கள் பகுதி மாதக் கூட்டத்தில் இதை அடிக்கடி கேட்கிறேன். பாதி உண்மைதான். விஷ மருந்தின் வாடையை மூச்சில் இழுக்காமல் இருப்பது உடம்புக்குப் பெரிய லாபம். மறுபாதியை யாரும் பேசுவதில்லை. வைக்கோலையும் சருகையும் மட்கையும் நம்மைப்போல் கிளறுகிறவர்கள் யாரும் கிடையாது. மூடாக்குப் போடுகிறோம், கம்போஸ்ட் புரட்டுகிறோம், ஆழ்கூளத்தில் கோழி வளர்க்கிறோம், டால்க் பவுடரில் கலந்து வரும் உயிர் உரங்களைக் கையால் அள்ளுகிறோம். அத்தனையிலும் தூசி. அது ஆர்கானிக் சர்டிபிகேட் வாங்கின தூசியா என்று மூச்சுக்குழாய் கேட்பதில்லை.

மக்காச்சோள அறுவடை முடிந்த கையோடு நடந்த கூட்டத்தில், பேச எழுந்தவர்களில் மூன்று பேர் இருமிக்கொண்டேதான் பேசினார்கள். ஒருவர் "சீசன் இருமலுங்க, தானாப் போயிரும்" என்றார். சில இருமல் தானாகப் போகும். சிலது போகாது. எது போகும், எது போகாது என்று தெரிந்துகொள்ள, நெஞ்சுக்குள் நடக்கிற ஒரு வேலையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் இந்த மாதம் மண்ணை விட்டுவிட்டு மூச்சுக்குழாய்க்கு வருகிறேன். நான் டாக்டர் இல்லை; கல்லூரியில் விலங்கியல் படித்து, பேங்க்கில் உத்தியோகம் பார்த்து, ரிட்டயர் ஆகி விவசாயத்துக்கு வந்தவன். எனக்குப் புரிந்த அளவில், நம் களத்து பாஷையிலேயே சொல்கிறேன்.

வளர்ந்த ஆள் ஒருவர் ஒரு நாளைக்கு 10,000 லிட்டருக்கும் மேல் காற்றை உள்ளே இழுக்கிறார். வீட்டு மாடியில் வைத்திருக்கிற 1,000 லிட்டர் டேங்க்கில் பத்து டேங்க். மண்வெட்டி பிடித்தால் இன்னும் கூடும். அந்தக் காற்றோடு மண் தூசி, சுணை, மகரந்தம், பூஞ்சை வித்து, புகை, கிருமி எல்லாம் உள்ளே போகிறது. இவ்வளவு போயும் நுரையீரல் உரக்குழி மாதிரி ஆகாமல் இருக்கிறதென்றால், உள்ளே யாரோ ஓயாமல் பெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும் இல்லீங்களா?

முதல் காவல் மூக்கு. மூக்கு முடியை எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியம், மூக்குக்குள்ளே இருக்கிற வளைந்த மடிப்புகள். காற்று அதில் வளைந்து வளைந்து போகும்போது, கனமான தூசி திரும்ப முடியாமல் ஈரமான சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். 10 மைக்ரானுக்கு மேற்பட்ட தூசி பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். (மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான்.) ஒரு சங்கடம் என்னவென்றால், மூட்டை தூக்கும்போதும் வரப்பு வெட்டும்போதும் நாம் வாயால் மூச்சு விடுகிறோம். அப்போது இந்தக் காவலைச் சுற்றிக்கொண்டு காற்று நேராகத் தொண்டைக்குப் போய்விடுகிறது. தூசி அதிகம் பறக்கிற வேலைகள் எல்லாமே மூச்சு வாங்குகிற வேலைகளாகவும் இருப்பது நம் தலையெழுத்து.

மூக்கைத் தாண்டினது மூச்சுக்குழாயில் இறங்குகிறது. அந்தக் குழாய் இரண்டாகப் பிரிந்து, அவை மறுபடி மறுபடி பிரிந்து, தலைகீழாகக் கவிழ்த்த வேப்பமரம் மாதிரி கிளைவிட்டுப் போகும். இந்தக் கிளைகளின் உட்சுவர் முழுக்க மயிர் போன்ற நுண்ணிய இழைகள் முளைத்திருக்கின்றன. பாடப்புத்தகத்தில் 'குறு இழை' என்பார்கள், டாக்டர்கள் 'சிலியா' என்பார்கள். மூக்கின் உட்சுவரிலும் இவை உண்டு. மூக்கு முடி வேறு, இது வேறு. மூக்கு முடி சும்மா நிற்கும். குறு இழை வேலை செய்யும். ஒரு இழையின் நீளம் 6, 7 மைக்ரான்தான். பத்து இழையை நீளவாக்கில் வரிசையாக வைத்தால் ஒரு தலைமுடியின் தடிமன் வரும். சுவரிலுள்ள ஒரே ஒரு செல்லின் தலையில் இப்படி ஏறக்குறைய 200 இழைகள். ஒவ்வொன்றும் ஒரு நொடிக்குப் பத்துப் பதினைந்து தடவை அசைகிறது. ராத்திரி, பகல், ஞாயிற்றுக்கிழமை எதுவும் கிடையாது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நெல் வயலையே மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சாய்க்காத நாற்று, அடியில் மெல்லிசாகத் தண்ணீர், தண்ணீர் மேல் அசோலா படர்ந்திருக்கிறது. மூச்சுக்குழாயிலும் அதே ஏற்பாடுதான். இழைகள் நீர்த்த திரவத்தில் நிற்கின்றன. அதற்கு மேலே ஒட்டும் பசையாகச் சளிப் படலம் மிதக்கிறது. தூசி வந்து விழுவது சளிப் படலத்தில். இழையின் நுனி மட்டும் அந்தப் படலத்தைத் தொடும். முன்னால் வீசும்போது இழை விறைப்பாக நின்று படலத்தைத் தள்ளும். திரும்பி வரும்போது வளைந்து, படலத்தைத் தொடாமல் அடியிலேயே தண்ணீருக்குள் வந்துவிடும். வாசல் பெருக்குகிறவர் துடைப்பத்தை முன்னால் இழுத்துவிட்டு, தூக்கித் திரும்பக் கொண்டுவருவதைப் பாருங்கள், அப்படி. எல்லா இழையும் ஒரே நேரத்தில் வீசுவதும் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக, முற்றிய கதிர் மேல் காற்று போனால் வயல் முழுக்க ஒரு அலை ஓடுமே, அதுபோல அலையலையாக வீசும்.

அடியில் தண்ணீர் குறைந்தாலோ, மேலே படலம் கெட்டியானாலோ இழை மாட்டிக்கொள்ளும். சளியில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர்தான். களத்து வேலை நாளில் தாகம் எடுக்கிற வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தள்ளின சளி எங்கே போகிறது? மூச்சுக்குழாயில் மேல்நோக்கியும், மூக்கில் பின்நோக்கியும் நகர்ந்து, இரண்டும் தொண்டையில் வந்து சேரும். அங்கிருந்து நமக்கே தெரியாமல் விழுங்கிவிடுகிறோம். "சளியை முழுங்கினா வயித்துக்குக் கெடுதலா?" என்று என் மருமகள்கூடக் கேட்டிருக்கிறாள். நல்ல உடம்போடு இருப்பவர்களும் தினமும் விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். வயிற்றில் இருக்கிற அமிலம் பெரும்பாலான கிருமிகளைப் பார்த்துக்கொள்ளும். பெரிய மூச்சுக்குழாயில் சளி நிமிஷத்துக்கு அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் என்று ஏறும். அடிக்கிளைகளில் மெதுவாகத்தான் நகரும். இன்றைக்குக் குழாய்களில் படிந்த தூசியில் பெரும்பகுதி நாளைக்குள் மேலே வந்துவிடும். தூசி வேலை செய்த மறுநாள் காலையில் கறுப்பாகக் கோழை வந்தால் பயப்பட வேண்டாம், துடைப்பம் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

கல்லூரி ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்தக் காலத்தில் விலங்கியல் மாணவர்களுக்குத் தவளை உண்டு. அறுத்த தவளையின் மேல்வாயில் துளி கரித்தூளைத் தூவச் சொன்னார் பேராசிரியர். தவளைக்கு உயிர் போய்விட்டது. கரித்தூள் மட்டும் எறும்பு ஊர்கிற மாதிரி தொண்டைப் பக்கம் நகர்ந்து போனது. மூளை கட்டளையிட்டு இழைகள் அசைவதில்லை, செல் உயிரோடு இருக்கிற வரை அதுபாட்டுக்கு அசையும் என்று அன்றைக்குப் புரிந்தது. மனிதர்களிடம் இதைச் சோதிக்கவும் எளிதான வழி வைத்திருக்கிறார்கள். மூக்குக்குள் கொஞ்சம் தள்ளி, கடுகுக்கும் சின்னதாகச் சாக்கரின் துணுக்கு ஒன்றை டாக்டர் வைப்பார். இழைகள் ஒழுங்காக வேலை செய்தால் பத்து இருபது நிமிஷத்தில் தொண்டையில் இனிப்புத் தெரியும். அரை மணிக்கு மேலாகியும் தெரியவில்லை என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

இந்த இழை நமக்கு மட்டும் சொந்தமில்லை. 1670களில் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக் தானே தேய்த்த லென்ஸில் குட்டைத் தண்ணீரைப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குட்டிக் கால்களை ஆட்டி நீந்துகின்றன என்று எழுதினார். அந்தக் கால்கள் இவைதான். நம் மாட்டின் முதல் வயிற்றில் தீவனத்தை நொதிக்க வைக்கிற ஓரணு உயிர்களில் பலவும் இதே இழையை வைத்துத்தான் நீந்துகின்றன. உள் அமைப்பும் ஒன்றே: ஒன்பது ஜோடி நுண்குழல்கள் வட்டமாக, நடுவில் இரண்டு.

இழைகள் பிறவியிலேயே அசையாவிட்டால் என்ன ஆகும்? 1933-ல் சுவிட்சர்லாந்து டாக்டர் கார்டஜெனர் சில நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களுக்கு ஓயாத சைனஸ் தொந்தரவு, மூச்சுக்கிளைகள் விரிந்து புண்ணாகிச் சளி கட்டிக்கொள்வது, கூடவே இதயம் வலப்பக்கம். மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது விளங்கவில்லை. 1976-ல் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த அஃப்செலியஸ் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, இழையை அசைக்கிற புரத 'கை' அவர்களுக்கு இல்லை என்று கண்டுபிடித்தார். கருவில் இதயம் எந்தப் பக்கம் அமைய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதிலும் இந்த இழைகளுக்குப் பங்கு உண்டு; அவை அசையாவிட்டால் பாதிப் பேருக்குப் பக்கம் மாறிவிடும். வாழ்நாள் முழுக்க இருமித்தான் சளியை வெளியேற்ற வேண்டியிருக்கிற அவர்களைப் பார்த்தால், நமக்கு இலவசமாக நடக்கிற வேலையின் மதிப்புத் தெரியும்.

புகையும் நெடியும்

பிறவியிலேயே நல்ல துடைப்பத்தோடு வந்த நாம் அதை எப்படிக் கெடுக்கிறோம்? முதல் இடம் பீடி, சிகரெட்டுக்கு. புகையிலுள்ள சில நஞ்சுகள் இழைகளை மந்தமாக்கும். வருஷக்கணக்கில் இழுத்தால் இழைகள் குட்டையாகி உதிரும். சளி சுரக்கும் செல்கள் அதிகமாகும். சளி கூடுது, தள்ளுவதற்கு ஆள் இல்லை. அப்புறம் இருமல்தான் அந்த வேலையைச் செய்தாக வேண்டும். பீடி பிடிக்கிறவர்களின் காலை இருமல் இதுதான். களத்தில் ஒரு லோடு அடித்து முடித்ததும் ஓரமாக உட்கார்ந்து ஒரு பீடி பற்ற வைக்கிறார்களே, தூசி அதிகமாகப் படிந்திருக்கிற அந்த நேரம் பார்த்துத் துடைப்பத்தைப் பிடுங்கி வைக்கிற வேலை அது.

இதில் முக்கியமான ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பீடியை விட்டதும் சில வாரங்களுக்கு இருமலும் கோழையும் அதிகமாகலாம். "புகையை விட்டப்புறம்தான் நெஞ்சு கெட்டுப்போச்சு" என்று மறுபடி ஆரம்பித்தவர்களை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். இழைகள் திரும்ப உயிர் பெற்று, தேங்கிக் கிடந்ததை வாரி வெளியே கொட்டுகிற காலம் அது. தாக்குப் பிடித்தால் பெரும்பாலும் தானாகக் குறையும்.

விறகு அடுப்புப் புகையும் புகைதான். கரும்புச் சோகையைக் கொளுத்துகிற புகையும் அப்படியே. சோகையை எரிக்காமல் மூடாக்காகப் போடுகிற நம் பழக்கம் மண்ணோடு சேர்த்து ஊர்க் குழந்தைகளின் மூச்சையும் காப்பாற்றுகிறது என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அக்னி அஸ்திரம் காய்ச்சும்போது அடுப்புக்கு நேராகக் குனிந்து கிளறுவதை என்ன சொல்ல! பச்சை மிளகாய், பூண்டு, புகையிலை, கோமியம் எல்லாம் கொதிக்கிற ஆவி. இயற்கைப் பொருள் என்பதால் மிளகாய் நெடி மெத்தென்று இருக்குமா? திறந்தவெளியில், காற்று நம் முதுகுக்குப் பின்னாலிருந்து வீசுகிற பக்கம் நின்று, நீளக் கரண்டியால் கிளறுங்கள். குழந்தைகளை அண்ட விடாதீர்கள்.

அடுத்தது அமோனியா. இதைக் கோழிக் கொட்டகையில் பார்க்கலாம். கோழியின் மூச்சுக்குழாயிலும் நமக்கு உள்ள மாதிரியே குறு இழைகள் உண்டு. ஆழ்கூளம் நனைந்தால் எச்சத்திலிருந்து அமோனியா கிளம்பும். அந்த வாயு இழைகளை மந்தப்படுத்தி உதிர வைக்கும். அதன்பிறகு சாதாரணமாகத் தூசியில் இருக்கிற கிருமிகூட காற்றுப்பை வரைக்கும் இறங்கிவிடும். வெள்ளைக்கழிச்சல் போன்ற நோயும் சுலபமாகத் தொற்றும். கொட்டகைக் காற்றில் அமோனியா பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நம்மிடம் அளக்க மீட்டர் இல்லை, மூக்கு இருக்கிறது. ஆனால் தினமும் உள்ளே போய் வருகிறவரின் மூக்கு பழகிப்போய்விடும். வெளியிலிருந்து வருகிறவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நின்றுகொண்டு முகர்ந்தால் போதாது, கோழியின் தலை உயரத்துக்குக் குத்தவைத்து உட்கார்ந்து பார்க்கணும். கண் எரிந்தால் அளவு எப்போதோ தாண்டிவிட்டது. நனைந்த கூளத்தை அள்ளி வெளியே போடுவது, தண்ணீர்த் தொட்டியின் ஒழுக்கைச் சரிசெய்வது, பக்கவாட்டுத் தார்ப்பாயைச் சுருட்டி விடுவது, இந்த மூன்றும் எந்த மூலிகைக் கஷாயத்துக்கும் முன்னால் செய்ய வேண்டியவை. கன்றுக்குட்டிகளை அடைத்து வைக்கிற கட்டுத்தரைக்கும் இதே கதைதான். பெரிய மாட்டைவிடக் கன்றின் மூக்கு மூத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நோய்க் கிருமிகளும் இழையைக் குறிவைப்பது உண்டு. கக்குவான் இருமல் கிருமி இழையுள்ள செல்லைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஃப்ளூ காய்ச்சல் வந்தால் இழைச் செல்கள் உரிந்து போகும், திரும்ப முளைக்கச் சில வாரம் ஆகும். காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளே நெல் தூற்றப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

துடைப்பம் எட்டாத அறை

இதுவரை சொன்னது துடைப்பம் இருக்கிற இடம். மூச்சுக்குழாய் கிளைத்துக் கிளைத்துக் கடைசியில் காற்று நுண்ணறைகளில் முடிகிறது. கோடிக்கணக்கான நுண்ணறைகள். ரத்தம் பிராணவாயுவை வாங்கிக்கொள்வது அங்கேதான். அங்கே குறு இழை கிடையாது, சளிப் படலமும் கிடையாது. இருந்தால் காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே சுவர் எழுப்பின மாதிரி ஆகிவிடும். பேங்க்கில் வாசலில் காவலாளி, கவுண்டரில் காசாளர் என்று எத்தனை பேர் இருந்தாலும் லாக்கர் அறைக்குள்ளே கூட்டம் இருக்காது. அதுபோல நுண்ணறையில் இருப்பது தூசியை விழுங்குகிற சில காவல் செல்கள் மட்டும்தான். அவை விழுங்கி முடிக்க நாள்கணக்கிலிருந்து மாதக்கணக்கு வரை ஆகும்.

மூக்கும் இழையும் நன்றாக வேலை செய்தாலும் இந்த அறை வரைக்கும் போகக்கூடிய தூசி எது? மிக நுண்ணியது. பூஞ்சணம் பிடித்த வைக்கோலில் வளர்கிற வெப்பம் விரும்பும் நுண்ணுயிர்களின் வித்து ஏறக்குறைய ஒரு மைக்ரான்தான். மட்கில் வளர்கிற ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்து இரண்டு மூன்று மைக்ரான். கண்ணுக்குத் தெரிகிற, தும்மல் வரவழைக்கிற சுணையும் உமியும் மூக்கிலேயே நின்றுவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாதது, தும்மல்கூட வராமல் கடைசி வரை போகிறது. நம் ஆட்கள் தும்மலைப் பார்த்துத்தான் தூசியை எடை போடுகிறார்கள். அதுதான் சிக்கல்.

தானியத் தூசியால் வரும் தொல்லை புதிது இல்லை. இத்தாலி நாட்டு ராமஸ்ஸினி 1700-ல் தொழில் நோய்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் தானியம் சலிப்பவர்கள், அளப்பவர்கள் படும் பாட்டுக்குத் தனி அத்தியாயமே உண்டு. 1932-ல் இங்கிலாந்தின் வெஸ்ட்மோர்லாண்ட் பகுதியில் கேம்ப்பெல் என்ற டாக்டர், பூஞ்சணம் பிடித்த உலர்புல்லைக் கையாண்ட பண்ணையாட்களுக்கு வந்த மூச்சுத்திணறலை விவரித்தார். அதற்கு 'விவசாயி நுரையீரல்' என்றே பெயர் வந்துவிட்டது. நம் தொழிலின் பெயரில் ஒரு வியாதி! அது கிருமித் தொற்று இல்லை. திரும்பத் திரும்ப உள்ளே வருகிற வித்துகளோடு உடம்பின் எதிர்ப்புச் சக்தி நுண்ணறையில் போடுகிற சண்டை. எல்லோருக்கும் வராது. வருகிறவருக்கு இப்படித்தான் வரும்: காலையில் பழைய வைக்கோல் கட்டைப் பிரிக்கிறார். வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது. நாலிலிருந்து எட்டு மணி நேரம் கழித்து, சாயங்காலம் குளிர்காய்ச்சல், உடம்பு வலி, வறட்டு இருமல், நெஞ்சில் இறுக்கம். ஒன்றிரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும். ஃப்ளூ என்று நினைத்து மாத்திரை போட்டு, மறுபடி அதே வைக்கோலுக்குப் போவார். இப்படி வருஷக்கணக்கில் நடந்தால் நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும். அந்தத் தழும்பு திரும்பச் சரியாவதில்லை.

நம்மிடம் வைக்கோல் கெடுகிற காலம் தெரிந்ததுதான். அறுவடையில் மழை பிடித்துக்கொள்கிறது, பேலர்காரர் இன்றைக்கு விட்டால் வர மாட்டார் என்று ஈரத்தோடேயே கட்டிவிடுகிறோம். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கட்டின் உள்ளே சூடேற ஆரம்பிக்கும். நல்ல ஈரமாக இருந்தால் 50, 60 டிகிரி வரை போகும். நான் சொன்ன நுண்ணுயிர்களுக்கு அதுதான் கொண்டாட்டம். கட்டின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் அந்தக் கட்டை அடுக்காதீர்கள், பிரித்துக் காயப்போடுங்கள். பழைய கட்டைப் பிரிக்கும்போது வெள்ளையாகப் புகை மாதிரி கிளம்பினால், அதை மாட்டுக்கும் போட வேண்டாம், கொட்டகைக்குள் உதறவும் வேண்டாம். வெளியே கொண்டுபோய், தண்ணீர் தெளித்து நனைத்து, மட்குக் குழியில் சேருங்கள். மட்கைப் புரட்டும்போதும் இதே கணக்குதான்: முதல்நாள் மாலையே தண்ணீர் தெளித்துவிட்டு, காற்று முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று புரட்டுங்கள். நல்ல மட்குக்கு எப்படியும் ஈரம் தேவை. புழுதி பறக்கிற மட்கு மட்கு ஆகவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

உபதொழிலாகச் சிப்பிக் காளான் போடுகிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. காளான் விரிந்து ஓரம் மேல்நோக்கிச் சுருளும் வரை விட்டால், அறை முழுக்க வித்து கொட்டும். சிப்பிக் காளான் வித்தால் இதே மாதிரி நோய் வருவது நன்றாகத் தெரிந்த விஷயம். விரிவதற்கு முன்பே பறியுங்கள், அறைக்குள் போகும்போது மாஸ்க் போடுங்கள். டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் பாக்கெட்டுகளைப் பிரிக்கும்போது முகத்துக்கு நேராகத் தூக்கிக் கொட்டாமல், ஈரச் சாணத்துக்கோ ஈர மட்குக்கோ பக்கத்தில் தாழ்த்திப் பிடித்துக் கொட்டிக் கலக்குங்கள். சாம்பல் தூவுகிறவர்கள் எப்படியும் பனி ஈரம் இருக்கிற காலையில்தான் தூவுவீர்கள், இலையில் ஒட்டணுமே. காற்று எழும்புவதற்குள் முடித்துவிடுவது நமக்கும் நல்லது. நெல் உமிச் சாம்பலாக இருந்தால் கூடுதல் ஜாக்கிரதை, அதில் பெரும்பகுதி சிலிக்கா.

போன சீசனில் எங்கள் களத்தில் வேலைக்கு வந்த ஒரு அக்கா கேட்டார்: "துண்டு கட்டிக்கிட்டாப் போதாதுங்களா சார்?" நியாயமான கேள்வி. துண்டு சுணையைத் தடுக்கும், பெரிய தூசியைத் தடுக்கும். ஆனால் அது ஏற்கெனவே மூக்கு தடுக்கக்கூடிய தூசிதான். துண்டின் நெசவில் இருக்கிற இடைவெளிக்கு ஒரு மைக்ரான் வித்து, ஆட்டுப்பட்டியின் படல் வழியே எறும்பு போகிற மாதிரி போகும். என்95 மாஸ்க் என்பது 0.3 மைக்ரான் அளவு துகளிலேயே 95 சதவீதத்தைத் தடுப்பதற்காகச் செய்தது. முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தணும், பக்கவாட்டில் காற்று புகுந்தால் பிரயோஜனம் இல்லை. வேர்வையில் நனைந்துவிட்டால் மாற்றணும். வெயிலில் அது தொந்தரவுதான், மறுக்கவில்லை. அதனால் நாள் முழுக்க வேண்டாம். மெஷின் ஓடுகிற நேரம், கட்டைப் பிரிக்கிற நேரம், கூளம் அள்ளுகிற நேரம் போட்டால் பெரும்பகுதி தப்பிக்கலாம்.

மாஸ்க்கை யார் வாங்கித் தருவது என்பதையும் பேசிவிடுவோம். மக்காச்சோள மெஷின் தூசியைத் தள்ளுகிற பக்கத்தில் நிற்பவர்கள் யார்? கதிரை வாரிப் போடுகிற, சக்கையை ஒதுக்குகிற பெண்கள். தோட்டக்காரர் எதிர்ப்பக்கம் வேப்பமர நிழலில் நின்று மூட்டையை எண்ணிக்கொண்டிருப்பார். விஷமில்லாத உணவு என்று பெருமையாகச் சொல்லி விற்கிற நாம், அதை அடித்துத் தூற்றினவருடைய நெஞ்சைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா? மெஷினை நிறுத்தும் முன் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும். டீ, பலகாரச் செலவோடு மாஸ்க்கையும் சேர்த்து எழுதுங்கள். ஆட்களை மணிக்கு ஒரு தடவை இடம் மாற்றி நிற்கச் சொல்லுங்கள்.

தூசி வேலை செய்தால் வெல்லம் சாப்பிட வேண்டும், வாழைப்பழம் சாப்பிட வேண்டும், தூசியை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று சொல்வதுண்டு. சாப்பிடுங்கள், நல்ல பண்டம்தான். ஆனால் அது இறங்குகிற குழாய் வேறு, தூசி இறங்கின குழாய் வேறு. ஆவி பிடிப்பது, வெந்நீர் குடிப்பது சளியை இளக்கிச் சுகம் தரும். நுண்ணறைக்குள் போன வித்தை அவை தொடாது.

கடைசியாக, எப்போது டாக்டரிடம் போவது? இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய் இல்லை என்று உறுதி செய்வதற்கு, இலவசம்தான். கோழையில் ரத்தம், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, உடம்பு இளைப்பது இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். போகும்போது வெறுமனே "இருமல்" என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன வேலை செய்தீர்கள், எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம் கழித்துக் காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தது, வேலைக்குப் போகாத நாளில் குறைகிறதா என்பதை எழுதி எடுத்துப் போங்கள். விவசாயி நுரையீரலைக் கண்டுபிடிப்பதற்கு டாக்டருக்கு எக்ஸ்-ரே எவ்வளவு முக்கியமோ, இந்தக் குறிப்பும் அவ்வளவு முக்கியம். வரவு செலவு எழுதுகிற பண்ணை நோட்டிலேயே கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி ஒதுக்கினால் போதும்: தேதி, வேலை, உடம்பு. நான் எங்கள் களத்துக்கு அப்படி ஒரு பக்கம் போட்டிருக்கிறேன், ஆட்களின் பேரோடு.